விண்டோஸ் மாற்றம் எழுப்பும் வினாக்கள்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளன்று, விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் பத்தாண்டுகளாக அளித்து வந்த பொது ஆதரவு முடிவுற்றது. அன்றைய தினம் எந்தக் கணிப்பொறியும் நின்றுவிடவில்லை. மறுநாளும் அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்கின; சம்பளப் பட்டியல்கள் தயாராயின; கடிதங்கள் அச்சாயின. பயனீட்டாளர்களில் பெரும்பாலோர் எந்த வேறுபாட்டையும் உணர்ந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அந்த நாளுக்குப் பின், தனி ஏற்பாடு செய்துகொள்ளாத கணிப்பொறிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11-க்கு மாறுவதா, பணம் செலுத்திப் பழையதைத் தொடர்வதா, வேறொரு முறைமையை நாடுவதா என்ற வினா வீடுகளையும் பள்ளிகளையும் அலுவலகங்களையும் ஒருசேர எதிர்கொண்டது.

இம்மாற்றம் குறித்து இருவகை ஐயப்பாடுகள் உலகெங்கும் எழுந்துள்ளன. புதிய முறைமை, ஏற்கெனவே உள்ள கருவிகளோடும் மென்பொருள்களோடும் பொருந்துமா என்பது ஒன்று. பயன்படுத்துவோரின் அந்தரங்கச் செய்திகள் அதன் வழியாக எங்குச் செல்கின்றன என்பது மற்றொன்று. இவை தொழில்நுட்ப வல்லுநர்கள் மட்டுமே பேசித் தீர்க்க வேண்டியவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. இவற்றுள் செலவும் சட்டமும் நிர்வாகமும் கலந்திருக்கின்றன.

ஆதரவு முடிவதன் பொருள்

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் அதில் இயங்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, நினைவகம், கோப்பு, அச்சுப்பொறி, வலைத் தொடர்பு ஆகியவற்றைப் பங்கிட்டு அளிப்பதே இயக்க முறைமையின் பணியாகும். கோடிக்கணக்கான வரிகளைக் கொண்ட இத்தகைய மென்பொருளில் குறைகள் இருந்தே தீரும். அவை கண்டறியப்படும்போது உற்பத்தியாளர் திருத்தங்களை வெளியிடுகிறார். ஆதரவு முடிந்தபின் குறைகள் கண்டறியப்படுவது நிற்பதில்லை; திருத்தம் வருவது மட்டுமே நிற்கிறது. புதிய பதிப்புக்கு வெளியிடப்படும் திருத்தத்தை ஆராய்ந்தே பழைய பதிப்பின் பலவீனத்தை அறிந்துகொள்ளும் திறன் தீயோருக்கு உண்டு என்பதால், காலம் செல்லச் செல்ல ஆபத்து கூடுகிறது.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வான்னக்ரை’ என்னும் பிணைப்பணத் தாக்குதல் இதனை உணர்த்தியது. அது பயன்படுத்திய குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. திருத்தத்தைச் சேர்க்காத கணிப்பொறிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் மூன்றில் ஒரு பங்கு அமைப்புகளின் பணி தடைப்பட்டது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் சில கணிப்பொறிகளும், மேற்கு வங்க மின் விநியோக அலுவலகங்கள் சிலவும் பாதிப்புக்கு உள்ளாயின. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 2014 ஏப்ரல் 8 அன்றே, ஆதரவு முடிந்துவிட்ட விண்டோஸ் எக்ஸ்பி-க்கும் அச்சமயம் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிடப்பட்டது. எத்தனை பேர் இன்னும் அதனையே நம்பியிருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

அவ்வாறு நம்பியிருந்தோரில் இந்திய வங்கிகளின் தானியங்கிப் பண இயந்திரங்களும் அடங்கும். எக்ஸ்பி-யில் இயங்கிய இயந்திரங்கள் குறித்து வங்கிகளை எச்சரித்திருந்த இந்திய ரிசர்வ் வங்கி, முன்னேற்றம் மந்தமாக இருந்தமையால் 2018 ஜூனில் காலக்கெடுவுடன் கூடிய சுற்றறிக்கை ஒன்றைப் பிறப்பித்தது. அதன்படி 2018 செப்டம்பருக்குள் 25 விழுக்காடு, டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் முழுமையும் எனப் படிப்படியாக மாற்றம் நிறைவேற வேண்டியிருந்தது. ஆதரவு முடிந்த தேதிக்கும் முழு மாற்றத்துக்கான கெடுவுக்கும் இடையே ஐந்தாண்டுகளுக்கு மேல் இடைவெளி இருந்தது. வசதி மிக்க வங்கித் துறையிலேயே நிலைமை இதுவாயின், ஒரு வட்டார அலுவலகமோ அரசுப் பள்ளியோ எத்துணைத் தாமதத்துக்கு உள்ளாகும் என்பதை ஊகிக்கலாம்.

பொருத்தப் பிரச்சினை

2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11, முந்தைய பதிப்புகளைக் காட்டிலும் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பிடம் என்பவை பெரிய தடையல்ல. டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும், தொடக்கத்திலேயே மென்பொருளின் மெய்ம்மையைச் சோதிக்கும் ஏற்பாடும், குறிப்பிட்ட பட்டியலில் அடங்கிய மையச் செயலியும் வேண்டும் என்பதே தடையாயிற்று. இன்டெல் நிறுவனத்தின் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே பட்டியலில் இடம்பெற்றன. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017-இல்தான். எனவே, 2017-இல் புதிதாக வாங்கப்பட்ட கணிப்பொறியும்கூட, நான்கே ஆண்டுகளில் ‘தகுதியற்றது’ ஆகிவிடக்கூடும்.

இந்நிபந்தனைகள் பாதுகாப்பின் பொருட்டே என்பது நிறுவனத்தின் விளக்கமாகும். மறையீட்டுச் சாவிகளைத் தனிச் சில்லில் வைத்துக் காப்பது உண்மையிலேயே பயனுடையது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல நிலையில் இயங்கும் ஒரு பொருளின் பயன்காலத்தை, அதனை வாங்கியவரன்றி வேறொருவர் முடிவு செய்கிறார் என்பதும் உண்மையே. பொருளாதார நூல்கள் தேய்மானத்தை இயற்பியல் தேய்வு, வழக்கொழிதல் என இருவகையாகப் பிரிக்கின்றன. இங்கு நிகழ்வது இரண்டாம் வகை. அதிலும் வெளியிலிருந்து தேதி குறிக்கப்பட்ட வழக்கொழிதல். இந்திய வருமான வரி விதிகளில் கணிப்பொறிக்குத் தேய்மான விகிதம் 40 விழுக்காடாகும். அதன்படி 50,000 ரூபாய்க்கு வாங்கிய பொறி ஐந்தாண்டுகளில் கணக்கேட்டில் ஏறத்தாழ 3,900 ரூபாயாகக் குறைந்துவிடும். ஏட்டில் மதிப்பிழந்த அப்பொறி மேசைமீது நன்றாகவே வேலை செய்துகொண்டிருப்பதுதான் சிக்கல். விண்டோஸ் 11-க்கு மாற இயலாத கணிப்பொறிகள் உலகில் சுமார் 24 கோடி இருக்கலாம் எனக் கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது.

பொறி பொருந்தினாலும் மென்பொருள் பொருந்த வேண்டும். விண்டோஸ் 10 வரை 32 பிட்டுப் பதிப்பு ஒன்று கிடைத்தது. விண்டோஸ் 11 அவ்வாறன்றி 64 பிட்டுப் பதிப்பாக மட்டுமே வெளிவந்தது. டாஸ் காலத்து 16 பிட்டு நிரல்கள் 64 பிட்டு விண்டோஸில் நேரடியாக இயங்கா. பாக்ஸ்புரோவின் டாஸ் பதிப்பில் எழுதப்பட்ட கணக்கு, இருப்புப் பதிவு நிரல்கள் சிற்றலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் நெடுங்காலம் உழைத்தவை. எழுதியவர் ஓய்வு பெற்றுச் சென்றிருப்பார், மூல நிரல் எங்கிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அத்தகைய நிரல் 32 பிட்டு விண்டோஸ் 10-இல் இதுவரை ஓடிக்கொண்டிருந்தால், மாற்றத்தோடு அது நின்றுபோகும். அதனைப் போலிச் சூழல் ஒன்றில் ஏற்றி இயக்க வழியுண்டு. ஆனால் அதனை முன்கூட்டிச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

உலாவியின் கதையும் இத்தகையதே. ஒரு காலத்தில் அலுவலகப் பயன்பாட்டுக்கான வலைத்தளங்கள் பல, இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மட்டும் மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டன. அவ்வுலாவி 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது. விண்டோஸ் 11-இல் தனி உலாவியாக அது இடம்பெறவில்லை. எட்ஜ் உலாவிக்குள் ‘பழைய உலாவி நிலை’ ஒன்று தரப்பட்டு, குறைந்தது 2029 வரை அது தொடரும் என நிறுவனம் அறிவித்துள்ளது. இது நோயாளிக்கு ஊன்றுகோல் கொடுத்தது போன்றதேயன்றி நோய் தீர்ந்ததாகாது. மின்னொப்பச் சாதனங்கள், பழைய வருடிகள், புள்ளி அச்சுப்பொறிகள் ஆகியவற்றை இயக்கும் சிறு மென்பொருள்கள் புதிய பதிப்புக்கு உள்ளனவா என்பதும் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட வேண்டியதாகும்.

இந்திய மொழிகளைப் பொறுத்தவரை இன்னொரு சங்கடமும் உண்டு. விண்டோஸ் 2000 முதலே தமிழ் உள்ளிட்ட சில இந்திய எழுத்துகளுக்கு யூனிகோட் ஆதரவு கிடைத்தது. அதற்குப் பின்னும் பல அலுவலகங்களில் யூனிகோட் அல்லாத எழுத்துருக்களே வழக்கில் நீடித்தன. அத்தகைய எழுத்துருவும் அதற்கான விசைப்பலகை மென்பொருளும் இல்லாத புதிய பொறியில் பழைய ஆணை ஒன்றைத் திறந்தால், தெரிவது பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல்தான். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் உருவான கோப்புகளை மாற்றி வைக்கும் பணி, இயக்க முறைமை மாறும்போதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது.

அந்தரங்கம் பற்றிய ஐயங்கள்

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானபோது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தோருக்கு ஓராண்டு காலம் அது இலவசமாக வழங்கப்பட்டது. இலவசமாயினும் வற்புறுத்தல் கடுமையாக இருந்தது. மாற்ற அழைப்பைக் காட்டும் சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நிகழும் வண்ணம் 2016 மே மாதத்தில் அச்சாளரம் அமைந்திருந்தது. மூடுவது மறுப்பதாகும் என்று இருபது ஆண்டுகளாகப் பழகிய மக்களுக்கு அது சம்மதமாகக் கொள்ளப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் அம்முறை மாற்றப்பட்டது. எல்லை மீறிவிட்டதாக நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவரே பின்னர் ஒப்புக்கொண்டார். தாம் விரும்பாமலே மாற்றம் நிகழ்ந்து தொழில் கெட்டது என்று வழக்குத் தொடுத்த கலிபோர்னியப் பெண்மணி ஒருவருக்கு 10,000 டாலர் இழப்பீடு கிடைத்தது.

விண்டோஸ் 10 எழுப்பிய பெரிய வினா, கணிப்பொறியிலிருந்து நிறுவனத்துக்குச் செல்லும் செய்திகளைப் பற்றியது. எந்த உறுப்புகள் உள்ளன, எந்த மென்பொருள் செயலிழந்தது, எவை எவ்வளவு நேரம் பயன்படுத்தப்பட்டன என்பன போன்ற விவரங்கள் தாமாகவே அனுப்பப்பட்டன. குறைகளைக் கண்டறிய இவை ஓரளவு தேவை என்பதை ஏற்கலாம். இதனை முற்றிலும் நிறுத்தும் வழி சாதாரணப் பதிப்புகளில் இல்லை என்பதே குறை. மிகக் குறைந்த அளவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்குமான பதிப்புகளுக்கு மட்டுமே இருந்தது.

பிரான்சு நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் மைக்ரோசாப்டுக்கு முறையான அறிவிப்பு அனுப்பியது. தேவைக்கு மிஞ்சிய விவரங்கள் திரட்டப்படுகின்றன, விளம்பரத்துக்கான அடையாள எண் பயனீட்டாளரின் சம்மதமின்றியே இயக்கப்படுகிறது என்பன அதன் குற்றச்சாட்டுகள். நிறுவனம் மாற்றங்களைச் செய்தபின், அடிப்படை நிலையில் திரட்டப்படும் விவரங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகக் கூறி, ஆணையம் 2017 ஜூனில் நடவடிக்கையை முடித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் நெதர்லாந்து ஆணையமும் சட்ட மீறலைச் சுட்டிக்காட்டியது. ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று கேள்வி கேட்டதும் பாதியளவு விவரம் தேவையற்றதாகிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த அலை 2024-இல் எழுந்தது. திரையில் தோன்றுவதைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை படமாக எடுத்து வைத்து, பின்னர் தேடித் தரும் ‘ரீகால்’ என்னும் வசதி, குறிப்பிட்ட புதிய வகைக் கணிப்பொறிகளுக்கென அவ்வாண்டு மே 20-இல் அறிவிக்கப்பட்டது. படங்கள் பொறிக்குள்ளேயே இருக்கும், வெளியே செல்லா என்று கூறப்பட்டது. ஆயினும் படங்களிலிருந்து பிரித்தெடுத்த எழுத்துகள் எளிதில் படிக்கத்தக்க நிலையில் சேமிக்கப்படுவதை ஆய்வாளர்கள் காட்டினர். வெளியீடு ஒத்திவைக்கப்பட்டது. விருப்பப்பட்டால் மட்டுமே இயங்குவதாகவும், மறையீடு செய்யப்பட்டதாகவும் மாற்றியமைக்கப்பட்டு 2025 ஏப்ரலில் அது வந்தது. செய்தி அனுப்புபவர் எச்சரிக்கையாக இருந்தாலும், பெறுபவரின் கணிப்பொறி அச்செய்தியைப் படமெடுத்து வைத்திருக்கக்கூடும் என்பது இவ்வசதியோடு பிறந்த புதிய சிக்கல்.

அலுவலகங்களுக்கு இவற்றைக் காட்டிலும் உடனடியான கவலைகள் இரண்டு உள்ளன. முதலாவது, மேகச் சேமிப்பு. மேசைத்திரையிலும் ஆவணக் கோப்புறையிலும் உள்ளவற்றை ஒன்டிரைவ் சேமிப்பகத்துக்கு நகலெடுக்கும் ஏற்பாட்டை, புதிய பொறியைத் தொடங்கும்போதே விண்டோஸ் 11 முன்வைக்கிறது. அரசுப் பணியாளர்கள் அலுவலக ஆவணங்களை அரசு சாராத மேகச் சேவைகளில் வைக்கலாகாது என்று தேசியத் தகவலியல் மையத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அவசரத்தில் ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அழுத்திச் செல்லும் ஓர் உதவியாளர், தம்மை அறியாமலே அதனை மீறிவிடக்கூடும்.

இரண்டாவது, மறையீட்டுச் சாவி. 2024 அக்டோபரில் வந்த பதிப்பு முதல், மைக்ரோசாப்ட் கணக்கின் வழியே புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான பொறிகளில் வட்டு தானாகவே மறையீடு செய்யப்படுகிறது. பொறி களவு போனால் விவரங்கள் தப்பும்; இது நன்மையே. ஆனால் தாய்ப்பலகையை மாற்ற நேர்ந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படும். அச்சாவி, பொறியை முதன்முதலில் தொடங்கியவரின் கணக்கில் இருக்கிறது. அக்கணக்கு அலுவலகத்தினுடையதாக இல்லாமல் ஓர் எழுத்தரின் சொந்தக் கணக்காக இருந்து, அவரும் மாற்றலாகிச் சென்றிருந்தால், அலுவலக ஆவணங்களின் திறவுகோல் அவருடனேயே சென்றுவிட்டதாகப் பொருள்.

சட்டத்தின் நிலை

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதனையடுத்து எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. அவற்றில் முக்கியமானவற்றுக்கு விதிகள் 18 மாத அவகாசம் அளித்தன. இச்சட்டத்தின்படி சம்மதம் என்பது தடையற்றதாகவும், குறிப்பானதாகவும், விவரம் அறிந்ததாகவும், தெளிவான செயலால் உணர்த்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். சாளரத்தை மூடியதைச் சம்மதமாகக் கொள்ளும் 2016-ஆம் ஆண்டு முறை இவ்வளவுகோலில் தேறாது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றிலும் அறிவிப்பைப் பெறும் வாய்ப்பு பயனீட்டாளருக்கு இருக்க வேண்டும் என்ற பிரிவும் இதில் உண்டு. பல பக்கங்கள் நீளும் ஆங்கில உடன்படிக்கையைப் படிக்காமலே ஒப்புக்கொண்டு வந்த நாட்டில் இது சிறிய மாற்றமன்று.

விலை யார் கொடுப்பது

விண்டோஸ் 10-ஐத் தொடர விரும்பும் நிறுவனங்களுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் முதலாண்டு பொறி ஒன்றுக்கு 61 டாலர் என விலை குறிக்கப்பட்டன. ஒவ்வோராண்டும் விலை இரட்டிப்பாகும். மூன்றாண்டுகளுக்கும் கூட்டினால் 427 டாலர். இத்தொகைக்குப் புதிய கணிப்பொறியே வாங்கிவிடலாம். விலையமைப்பின் நோக்கமும் அதுவாகவே இருக்க வேண்டும். இரண்டாமாண்டில் சேருவோர் முதலாண்டுக்கும் சேர்த்துச் செலுத்த வேண்டும் என்பதால் காத்திருப்பதில் சேமிப்பு இல்லை. கல்விக்கூடங்களுக்கு முதலாண்டு 1 டாலர், பின்னர் 2, 4 என்ற சலுகை உண்டு. பள்ளிகள் இதனைப் பயன்படுத்திக்கொள்வது அறிவுடைமை.

வீட்டுப் பயனீட்டாளருக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுத் தொடர்ச்சி 30 டாலருக்கு அளிக்கப்பட்டது. அல்லது, தம் பொறியின் அமைப்பு விவரங்களை மைக்ரோசாப்ட் கணக்கின் வழியே மேகத்தில் நகலெடுத்து வைக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. அந்தரங்க விவரத்துக்குச் சந்தையில் விலை கிடையாது என்று கூறுவோர் இந்த ஏற்பாட்டை உற்று நோக்கலாம். பணம் கொடுக்க இயலாதவர் விவரத்தைக் கொடுத்துப் பாதுகாப்பைப் பெறுகிறார். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்பு ஒன்று வலியுறுத்தியபின், 2025 செப்டம்பரில் அங்கு மட்டும் நகலெடுக்கும் நிபந்தனை நீக்கப்பட்டது. கணக்கில் பதிவு செய்தால் போதும் என்றாயிற்று. ஒரே பொருள், ஒரே நிறுவனம். ஆயினும் நுகர்வோர் ஒன்றுபட்டுக் கேட்ட இடத்தில் நிபந்தனை தளர்ந்தது.

மாற்று முறைமைகள் இல்லாமல் இல்லை. லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இந்திய மொழிகளில் கிடைக்கிறது. கேரளப் பள்ளிகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே பாடம் நடத்துகின்றன. விண்டோஸ் 11 ஏற்காத பொறிகள் பலவற்றில் இவை நன்கு இயங்கும். ஆனால் ஜெர்மனியின் மூனிக் நகராட்சியின் அனுபவம் இருபக்கமும் கூர்மையானது. அந்நகர் 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, ஏறத்தாழ 15,000 பொறிகளை மாற்றி, 2017 நவம்பரில் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்ற 2024-இல் முடிவெடுத்தது. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்றாகாது. பயிற்சிக்கும், கோப்புகளை மாற்றுவதற்கும், பராமரிப்பு ஆட்களுக்கும் நிதி ஒதுக்க வேண்டும்.

அலுவலகம் எவ்வழியைத் தேர்ந்தாலும் முதற்பணி இருப்புக் கணக்கெடுப்பேயாகும். எந்தப் பொறி எவ்வாண்டு வாங்கப்பட்டது, அதன் செயலி யாது, எந்த நிரலுக்காக அது வைக்கப்பட்டிருக்கிறது, அதனோடு இணைந்த கருவிகள் எவை என்று ஒரு பதிவேடு வேண்டும். பிறகு ஓரிரு பொறிகளில் மட்டும் மாற்றத்தைச் செய்து, ஒரு மாதக் கணக்கு முடிப்பு வரையேனும் இயக்கிப் பார்த்தல் நலம். 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 திருத்தம் ஒன்று, சிலருடைய ஆவணங்களையே அழித்ததால் சில நாட்களில் நிறுத்தப்பட்டு நவம்பரில்தான் மீண்டும் வெளிவந்தது. முதல் நாளே எல்லாப் பொறிகளிலும் ஏற்றியவர்களுக்கும், நகல் எடுத்து வைத்துச் சற்றுப் பொறுத்திருந்தவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு அவர்களுடைய கோப்புகளில் தெரிந்தது.

கழிக்கப்படும் பொறிகள் 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும். அதற்குமுன் வட்டிலுள்ளவற்றை அழித்தாக வேண்டும். கோப்புகளை நீக்குவதோ, சாதாரண முறையில் வட்டைப் புதிதாக வடிவமைப்பதோ போதாது, ஏனெனில் அவ்வாறு நீக்கியவற்றை மீட்கும் மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. வட்டு முழுவதையும் மேலெழுதி அழிக்கும் நிரலைப் பயன்படுத்தலாம், அல்லது வட்டைத் தனியே கழற்றி உடைத்துவிடலாம். எந்தப் பொறியின் வட்டு எந்நாளில் எவரால் அழிக்கப்பட்டது என்பது இருப்புப் பதிவேட்டிலேயே, கழிவாணையின் எண்ணுக்கு அருகில் எழுதப்பட வேண்டும்.